ஆண்டுக்கு ஒரு வகுப்பாக இறந்த பள்ளி

கோலசிலாங்கூரில் தொடங்கி, தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சுங்கை பெசார் என்று சபாக் பெர்ணம் வரை ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் போகிறவர்களுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு பெரிய சாவு விழுந்தது தெரிய நியாயமில்லை. இடைநிலைப் பள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மணி அடிக்கிறது, திங்கட்கிழமை காலையில் நெகாராகூ பாடுகிறார்கள், ஓய்வு நேரத்தில் கேண்டீனில் கூட்டம் நெரிகிறது. செத்தது அந்தக் கட்டடங்களுக்குள் குடியிருந்த வேறொன்று. அரசாங்கக் காகிதத்தில் அது ஆங்கில மொழிவழி இடைநிலைப் பள்ளி. தோட்டத்தில் நாங்கள் சொன்னது ‘இங்கிலீஸ் ஸ்கூலு’.

ஒரே நாளில் போய்ச் சேரவில்லை. 1969 மே இனக்கலவரம் அடங்கிய கையோடு, ஜூலையில் கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் யாக்கோப் அறிவித்தார்: ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறும். 1970-இல் முதலாம் வகுப்பு மாறியது. 1976-இல் மாற்றம் இடைநிலைப் பள்ளிக்கு, தமிழ், சீனப்பள்ளிப் பிள்ளைகள் மொழி பழகும் புகுமுக வகுப்புக்கும் படிவம் ஒன்றுக்கும், வந்தது. 1982-க்குள் ஆறாம் படிவம் வரை முடிந்தது. மறு ஆண்டு பல்கலைக்கழகத்தின் முதலாண்டு. சாகிறவருக்குக் கால்தான் முதலில் சில்லிடும் என்பார்கள். இதற்கும் அப்படித்தான் நடந்தது. பாடை கட்டவுமில்லை, சங்கு ஊதவுமில்லை. மேல் வகுப்புகளில் பாடம் நடந்துகொண்டே இருந்தது.

பட்டணத்தில் இதற்கு ஏற்கெனவே நிறைய ஒப்பாரி வைத்தாயிற்று. கிள்ளான், கோலாலம்பூர் மிஷன் பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடினால், பிரதர் மாதிரி பிரம்பெடுத்தவர் உண்டா, சிஸ்டர் மாதிரி இலக்கணம் திருத்தியவர் உண்டா, மலாய், சீனர், இந்தியர் என்று பார்த்தோமா, ஒரே குடும்பமாக அல்லவா இருந்தோம் என்று உருகுவார்கள். இருக்கட்டும். அவர்கள் வீட்டில் தாத்தாவும் அங்கேதான் படித்தார், அப்பாவும் அங்கேதான் படித்தார். எங்கள் துக்கத்தின் கணக்கு வேறு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் பதினோரு ஆண்டுதான் உயிரோடு இருந்தது.

1923-இன் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கிற தோட்டத்தில் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். சில இடங்களில் தோட்டத்துக் கிராணியோ கங்காணியோதான் அந்த வாத்தியார். 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் ஆறாம் வகுப்போடு பாதை முடிந்துவிடும். மேலே போக இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு என்ற ஒன்று குறுக்கே நின்றது. அதைத் தாண்டினாலும் ஆங்கிலப் பள்ளிக்குக் கட்டணம், சீருடை, பஸ் காசு. தெற்கே கிள்ளானில் மெதடிஸ்ட் பள்ளி, லா சால், கான்வென்ட். வடக்கே தெலுக் ஆன்சனில் 1899-இல் மெதடிஸ்டுகள் தொடங்கிய ஆங்கிலோ சைனீஸ் பள்ளி. நடுவில் தென்னையும் ரப்பரும் செம்பனையும் நெல்வயலும். தோட்டத்திலிருந்து அங்கெல்லாம் போனவர்கள் பெரும்பாலும் கிராணி மகன், டிரெஸ்ஸர் மகள்.

பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. (ஊர் இப்போது பெஸ்தாரி ஜெயா, பழைய பெயரைச் சொன்னால்தான் எனக்கு வழி தெரியும்.) 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட இடம் அது. போட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. எங்கள் மண்ணிலிருந்து உலக இலக்கியம் புறப்பட்டுப் போன அதே காலத்தில், அதே மண்ணில் குலை சுமந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத்துக் கொட்டகையைத் தாண்டிப் படிப்பு கிடையாது. இதை ஃபோகோனியே மேல் குற்றமாகச் சொல்லவில்லை. காலம் அப்படி.

1964-இல் அந்த இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை நீக்கினார்கள். 1965 முதல், ஆறாம் வகுப்பு முடித்த எவரும் படிவம் மூன்று வரை போகலாம். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் மட்டும் முதலில் ஓராண்டு புகுமுக வகுப்பில் மொழி பழக வேண்டும். முதன்முறையாகப் பால்மரம் சீவுகிறவரின் மகன், புல் வெட்டுகிறவரின் மகள் என்று கூட்டம் கூட்டமாக இங்கிலீஸ் ஸ்கூலுக்குப் போனார்கள். 1976-இல் புகுமுக வகுப்பு மலாய்க்கு மாறியது. 1965-இலிருந்து 1975 வரை. கதவு திறந்த சத்தம் அடங்குவதற்குள் வீடே கைமாறிவிட்டது.

நான் புகுந்தது 1970-இல். கீழே முதலாம் வகுப்பு மாறிய அதே ஆண்டு. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், புதுச் சட்டையின் கஞ்சி கழுத்தை அறுத்ததும், வகுப்பில் பாதிப் பேர் சீனப் பிள்ளைகளாக இருந்ததும்தான். புகுமுக வகுப்பின் விசித்திரம் அது. மலாய்ப் பிள்ளைகள் அங்கே இல்லை, ஆங்கிலத் தொடக்கப்பள்ளியில் படித்து வந்தவர்களும் இல்லை. தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் மட்டும். அதுவரை கடைக்காரராகவும் மீன்காரராகவும் மட்டுமே நாங்கள் பார்த்திருந்த சீனர், அவர்கள் கண்ணுக்கு மரம் வெட்டுகிறவராக மட்டுமே தெரிந்த நாங்கள், ஒரே மேசையில்.

என் பக்கத்தில் உட்கார்ந்தவன் சிகிஞ்சான் மீனவர் மகன். வகுப்பாசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை லாங்ஸ், மடிப்புக் கலையாது. முதல் நாளே மேசைமேல் ஒரு மைலோ டின்னை வைத்தார். மூடியில் கத்தியால் கீறிய ஓட்டை. தாய்மொழியில் பேசினால் ஐந்து காசு. கேண்டீனில் அன்றைக்கு ஐந்து காசுக்கு ஒரு பலகாரம் வாங்கலாம். ஆகவே சட்டத்துக்கு மரியாதை இருந்தது. முதல் வாரம் வகுப்பே ஊமையாக இருந்தது. ‘திஸ் இஸ் மை ஸ்கூல்’ என்பதை நான் ‘இஸ்கூல்’ என்றேன், அவன் அந்தக் கடைசி எழுத்தை விழுங்கினான். இரண்டு பேருமே நின்றோம்.

இரண்டாம் வாரத்தில் அவன்தான் ஓட்டையைக் கண்டுபிடித்தான். மைலோ டின்னில் அல்ல, சட்டத்தில். தாய்மொழி என்றால் எனக்குத் தமிழ், அவனுக்கு ஹொக்கியன். பசார் மலாய் இரண்டு பேருக்கும் தாய்மொழி இல்லையே! சந்தையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்த அரைகுறை மலாயில் பேசத் தொடங்கினோம். வகுப்பு முழுக்கத் தொற்றிக்கொண்டது. வாத்தியார் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஒரு கணம் நின்றார். தேசிய மொழிக்கு அபராதம் போட எந்த வாத்தியாருக்குத் துணிச்சல் வரும், அதுவும் 1970-இல்? திரும்பிப் போய்விட்டார். ஆங்கிலத்துக்குத் தப்பிக்க நாங்கள் பிடித்த குறுக்குவழிதான் சில ஆண்டில் அந்தப் பள்ளிக்கே ராஜபாட்டை ஆனது.

மதம் என்று எடுத்தால், இங்கிலீஸ் ஸ்கூலில் எல்லாமே இருந்தது. சைவர்கள், மாரியம்மன் கோயில் பிள்ளைகள், தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் போகும் கத்தோலிக்கர், மெதடிஸ்ட் தமிழர், மாமாக் கடைக்காரர் மகன், ஜாவா வம்சத்து மலாய்க்காரர், பஞ்சார் மலாய்க்காரர், ஊதுவத்தி வாசனையோடு வருகிற சீனப் பிள்ளைகள், ஒரு சிங். மிஷன் பள்ளிக்குப் போனவர்களுக்குக் காலையில் ஜெபம் உண்டு; கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசத்துக்குப் போக மற்றவர்கள் ஒழுக்கப் பாடத்துக்குப் போவார்கள். கான்வென்டில் சேர்ந்த மகள் தயங்கியபோது ஒரு தோட்டத்து அம்மா சொன்னது ஊரில் பிரசித்தம்: “சாமி கும்பிடத்தானே சொல்றாங்க, கும்புடு. எந்தச் சாமி நம்மள கோவிச்சுக்கப் போவுது?”

அரசாங்கப் பள்ளியில் ஜெபமில்லை; பதினைந்து என்ற எண் இருந்தது. 1961 கல்விச் சட்டப்படி, பள்ளியில் முஸ்லிம் மாணவர் 15 பேர் இருந்தால் அவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரமாவது சமய பாடம் நடத்த வேண்டும். 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பும் வைக்க வேண்டும். முதல் பதினைந்துக்கு எங்கள் பக்கத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. இரண்டாவது பதினைந்துக்கு ஆள் சேர்ப்பதுதான் பாடு. பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டபின், தமிழே எழுத வராத ஒரு கிராணி மகனுக்கு ஐஸ்கச்சாங் வாங்கிக் கொடுத்துப் பதினைந்தாவது ஆளாக்கிய வரலாறு எங்களுடையது. வகுப்பு பள்ளி நேரத்துக்கு வெளியேதான் நடக்கும்.

புகுமுக வகுப்பைத் தாண்டிப் படிவ வகுப்புகளுக்குப் போனபின், உஸ்தாஸ் வந்தால் மலாய்ப் பிள்ளைகளும் மாமாக் கடைக்காரர் மகனும் எழுந்து போவார்கள். மிச்சமிருக்கும் எங்களுக்கு அந்த நேரத்தில் ஒன்றுமில்லை. உண்மையில் ஒன்றுமே இல்லை. கண்காணிக்க வருகிற ஆசிரியர் நோட்டுத் திருத்துவார். தைப்பூசத்துக்கு ஏன் மொட்டை, செங் மெங்குக்குக் கல்லறையில் ஏன் கோழி வைக்கிறார்கள், செத்தவர் அதைச் சாப்பிடுவாரா, சாப்பிட்டால் அப்புறம் நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேள்விகள் மேசை மேசையாகப் போகும். தைப்பூச விடுமுறை முடிந்து வந்தால் எங்கள் வரிசையில் பத்துப் பதினைந்து மொட்டைகள், சந்தனம் காய்ந்து. “போத்தாக்!” என்று ஒரு தட்டு விழும், மலாய்க்காரன் கையும் சீனன் கையும் சமமாக. சர்வமத சம்மேளனம் எல்லாம் பிற்பாடு நிறைய பார்த்திருக்கிறேன், பதாகையோடும் பட்டிமன்றத்தோடும். அந்தக் காலி நேரத்துக்கு ஈடாக ஒன்றையும் பார்த்ததில்லை. 1989-இல் இடைநிலைப் பள்ளிகளுக்கு நன்னெறிக் கல்வி வந்தது. முஸ்லிம்களுக்குச் சமய பாடம், மற்றவர்களுக்கு நன்னெறி, இரண்டுக்கும் தேர்வு. சகிப்புத்தன்மைக்கு வரையறை என்ன என்று என் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததைக் கேட்டிருக்கிறேன். ஒரு சொல் மாறினால் மதிப்பெண் போய்விடுமாம்.

ஒரே குடும்பம் என்ற பேச்சில் எனக்கு முழுச் சம்மதமில்லை. தமிழருக்குள்ளேயே நாங்கள் ஒரு குடும்பமாக இல்லை. ஆங்கிலத் தொடக்கப்பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள் ‘ஏ’ வகுப்பு, ‘பி’ வகுப்பு. புகுமுக வகுப்பு வழியாக ஒரு வயது கூடுதலாக வந்து சேர்ந்த நாங்கள் கடைசி வகுப்புகளில். தோட்டத்தில் பங்களாவுக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்த தூரம் அப்படியே பள்ளிக்கூடத்து நடைபாதைக்கு வந்திருந்தது. எங்கள் தோட்டத்துக் கிராணி மகன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவான். பள்ளி வாசலில் இறங்கியதும் என்னைத் தெரியாது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் அப்பாவுக்கு என் அப்பா ‘ஐயா’ போட்டுத்தான் பேச வேண்டும், அவனுக்கும் அது சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

இன்னொன்றை எந்தப் பழைய மாணவர் விருந்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர், அதாவது சிவப்பு அடையாள அட்டைக்காரர், வேலை பெர்மிட் எடுத்தாக வேண்டும். நாற்பது ஆண்டாக மரம் சீவியவர்களிடம் பிறப்புப் பத்திரம் எங்கே, நீல அட்டை எங்கே என்று கேட்டார்கள். 60,000 பேர் அளவில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனதாகச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அது எப்படித் தெரியும்? வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரைக் கூப்பிடுவார்கள், பதில் வராது. மறுநாளும் வராது. மூன்றாம் நாள் அவன் தோட்டத்துப் பையன் எழுந்து, “சார், கோன் பேக் இந்தியா” என்பான். ஆங்கிலத்தில் சொன்னதால் அபராதமில்லை. அப்போதுதான் வாங்கியிருந்த பாடப்புத்தகத்தை யாருக்காவது அரைவிலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். பாடநூல் கடனுதவித் திட்டம் 1975-இல்தான் வந்தது. அதுவரை புத்தகம் என்றால் அண்ணன்மார்களிடம் பேரம்தான். முன்பிருந்தவர்களின் பெயர்கள் முதல் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடித்துக் கிடக்கும்.

புகுமுக வகுப்பும் படிவம் ஒன்றும் இரண்டும் பிற்பகலில். மத்தியானம் போய் மாலையில் திரும்ப வேண்டும். அன்றைய கடிகாரத்துக்கு ஏழு மணி என்றால் நன்றாக இருட்டிவிடும். பெரிய சாலையில் பஸ் இறக்கிவிட்டால், செம்பனைக்கு நடுவே லயம் வரைக்கும் மண்சாலை. எலி தேடி வருகிற நாகம் குறுக்கே போகும். ஆம்பளைப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே ஓடுவோம். பெண் பிள்ளைகளுக்கு அந்த மண்சாலைதான் தேர்வைவிடப் பெரிய தடை. படிவம் இரண்டோடு நின்ற பெண்கள் எங்கள் தோட்டத்தில் அதிகம். படிப்பு ஏறாமல் நின்றவர் அவர்களில் குறைவு.

அதையும் கடந்தால் எல்.சி.இ. மூன்றாம் படிவத்து இறுதியில் அந்தத் தேர்வு. தேறினால் நான்காம் படிவம், தேறாவிட்டால் பதினாறு வயதில் தோட்டத்து வேலைக்குக் காலைப் பெரட்டு. முடிவு வந்த வாரமே கங்காணி வீட்டு வாசலில் புது ஆட்கள் நிற்பார்கள், முந்தின மாதம் வரை வெள்ளைச் சட்டை போட்டிருந்தவர்கள். துரை ஆங்கிலத்தில் திட்டினால் புரிகிற அளவுக்கு அவர்களுக்கு மொழி வந்திருந்தது. அவ்வளவுதான் லாபம் என்று எங்கள் பெரியவர்கள் சிரிப்பார்கள். தாண்டினவர்களில் சிலர் ஆசிரியர் பயிற்சிக்கும் தாதிமைக்கும் போனார்கள், சிலர் ரயில்வே, தபால் நிலையம். தொகை பெரியதில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பிற்பாடு தலைமையாசிரியராக உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தப் பதினோரு ஆண்டுக்காரர்கள் பலர் அதில் இருப்பார்கள்.

மலாய்ப் பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் இரங்கல் எழுதினால் அது வெறும் ஏக்கம். 1930களில் தஞ்சோங் காராங் நீர்ப்பாசனத் திட்டத்துக்குக் காடழித்து வயல் போட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இங்கிலீஸ் ஸ்கூல் எட்டாத கனியாகத்தான் இருந்தது. மலாய்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப்பள்ளிக்கு மாற அவர்களுக்கும் ஒரு காலத்தில் தனியாக ஸ்பெஷல் மலாய் கிளாஸ் என்ற இடைவழி வகுப்பு வைத்திருந்தார்கள், எங்கள் புகுமுக வகுப்பு மாதிரி. சொந்த நாட்டில் சொந்த மொழியில் மேல்படிப்பு வேண்டும் என்று அவர்கள் கேட்டதில் தப்பென்ன இருக்கிறது? என் கடைசித் தம்பி மலாய்மொழியில் படித்தான். அறிவியலில் என்னைவிட நன்றாகச் செய்தான். சந்தையில் கேட்டு வளர்ந்த மொழியாதலால் வாய் திறக்கப் பயமில்லை அவனுக்கு.

பயந்தவர்கள் வாத்தியார்கள். இருபது ஆண்டு ஆங்கிலத்தில் பூகோளம் நடத்தியவர் விடுமுறையில் மொழிப் பயிற்சிக்குப் போய் வந்து, கையில் அகராதியோடு வகுப்பில் நிற்பார். தம்பி சொல்லித்தான் தெரியும்: எங்கள் மைலோ டின் வாத்தியார் ஒரு நாள் ‘மழைக்காடு’ என்பதற்கு மலாய்ச் சொல் வராமல் தடுமாறினாராம். வயல்காரர் மகன் ஒருவன் மெதுவாக எடுத்துக் கொடுத்தான். வகுப்பு சிரிக்கவில்லை. ‘தெரிமா காசே’ என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்து எழுதினாராம். அதன்பின் அவர் வகுப்புக்கு மைலோ டின் வரவில்லை.

1982 இந்தப் பக்கத்தில் விநோதமான ஆண்டு. ஜனவரி முதல் நாள் தீபகற்பம் முழுக்கக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆயிற்று. ஆங்கிலவழி இடைநிலைப் பள்ளியின் கதையும் முடிந்தது. ஊரில் எல்லாரும் பேசியது கடிகாரத்தைப் பற்றித்தான். பெரட்டுக்கு எழுகிறவர்களுக்கு அரைமணித் தூக்கம் பறிபோன வருத்தம்.

செத்தது அப்படியே போய்விடவில்லை. 2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தச் சொல்லி ஒரு திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும்கூட. 2009-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பாடம் மலாய்க்கும் தாய்மொழிக்கும் படிப்படியாகத் திரும்பியது. ஆவி போல் வந்தது, வேப்பிலை அடித்து அனுப்பினார்கள். 2016-இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் மறுபடி எட்டிப் பார்த்தது. தமிழ்ப்பள்ளிகளில் அது வேண்டுமா வேண்டாமா என்று நாம் போட்டுக்கொண்ட சண்டை நாளிதழ் வாசகர்களுக்கு மறந்திருக்காது.

இதற்கிடையில் 2012-இல் இன்னொன்று நடந்தது. அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டுப் பிள்ளைகள் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரம்பை அரசாங்கம் எடுத்துவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்படிப்பட்ட பள்ளிகள் மளமளவென்று பெருகின. முழுக்க முழுக்க ஆங்கிலம். எல்லா இனமும் எல்லா மதமும் ஒரே வகுப்பில். நுழைவுத் தேர்வு உண்டு. கட்டணம் உண்டு. பஸ் காசு தனி. போன ஆண்டு எங்கள் தோட்டத்துப் பழைய கிராணியின் பேரன் ஒன்றில் சேர்ந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். லயத்திலிருந்து யாரும் போனதாகத் தகவல் இல்லை.